கம்ப்யூட்டர் யுபிஎஸ்: மின்சாரம் மிச்சமாக, பேட்டரி நீடிக்க 22 குறிப்புகள்

கரண்ட் போனால் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடக் கூடாது என்றுதான் யுபிஎஸ் வாங்கி வைக்கிறோம். ஆனால் கரண்ட் போகாத நேரத்திலும் அது மின்சாரம் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. நாளுக்கு நாலைந்து மணி நேரம் மட்டும் கம்ப்யூட்டர் ஓடும் வீட்டிலும் யுபிஎஸ் இரவு பகலாக பிளக்கில் கிடக்கிறது. ஒரு நாளைக்கு இது கண்ணில் படாது. இரண்டு மாத ஈ.பி. கணக்கில் சேர்ந்து நிற்கும். கம்ப்யூட்டர் ஓடும் நேரத்துக்கு மட்டும் யுபிஎஸ் ஓடினால் போதும். பேட்டரி கெடாமல் அப்படிப் பழகுவதற்கான வழிகள் இதோ.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

1. சும்மா இருக்கும்போது எவ்வளவு? வீடுகளில் அதிகம் இருப்பது 600 விஏ யுபிஎஸ். பேட்டரி முழுவதும் ஏறிய பிறகும், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும், இந்த அளவுள்ளவை மாடலைப் பொறுத்து சுமார் 5 முதல் 15 வாட் வரை எடுக்கும். 10 வாட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 0.24 யூனிட், 60 நாளுக்கு 14.4 யூனிட். தினமும் 6 மணி நேரம் மட்டும் ஓடினால் அதே 60 நாளுக்கு 3.6 யூனிட்தான். தமிழ்நாட்டில் பயன்பாடு கூடக் கூட மின் கட்டணமும் படிப்படியாக ஏறும். அடுத்த படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்தப் பத்து யூனிட்டும் பெரிதுதான்.

2. ஈ.பி. மீட்டரை வைத்தே அளக்கலாம். டிஜிட்டல் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 அல்லது 1600 என்பது வழக்கம். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட்டை மட்டும் போடுங்கள். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். 3200 மீட்டரானால் 1125-ஐ அந்த விநாடியால் வகுங்கள். 1600 மீட்டரானால் 2250-ஐ வகுங்கள். கிடைப்பது வாட். பிறகு யுபிஎஸ்ஸையும் போட்டு மறுபடி அளந்து, முதல் கணக்கைக் கழியுங்கள். 56 விநாடி 37 ஆகக் குறைந்தால் உங்கள் யுபிஎஸ் சுமார் 10 வாட் எடுக்கிறது என்று பொருள். மிகச் சிறிய மின்னோட்டத்தை மீட்டர் சரியாகப் பதியாமல் விடலாம். அதனால்தான் டியூப் லைட்டைக் கூடவே எரியவிடச் சொல்கிறோம்.

3. பேட்டரி நிறைந்த பிறகு அளந்து பாருங்கள். கரண்ட் வந்தவுடன் அளந்தால் சார்ஜ் ஏறும் மின்சாரமும் சேர்ந்து கணக்கு கூடுதலாகத் தெரியும். காலையில், இரவு முழுவதும் பிளக்கில் இருந்த யுபிஎஸ்ஸை அளப்பதே சரி.

4. கையை வைத்துப் பாருங்கள். யுபிஎஸ் எடுக்கும் மின்சாரத்தில் கம்ப்யூட்டருக்குப் போகாத பங்கு கடைசியில் வெப்பமாகிறது. வேலையே இல்லாதபோது மேல்மூடி லேசான சூடாக இருப்பது இயல்பு. கை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் பேட்டரியோ சார்ஜ் செய்யும் பகுதியோ பழுதாக இருக்கலாம். உடனே பிளக்கிலிருந்து எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

5. மின்தடையைவிடக் காத்திருப்புக்குத்தான் செலவு அதிகம். 600 விஏ யுபிஎஸ்ஸில் இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. பெருக்கினால் 84 வாட் ஹவர். கம்ப்யூட்டரை ஓட்டும் வேகத்தில் அதில் பாதியளவுதான் நமக்குக் கிடைக்கும். எடுத்த 40 வாட் ஹவரைத் திரும்ப நிரப்ப, இடையில் ஆகும் இழப்பும் சேர்த்து 60 வாட் ஹவர் வரை தேவைப்படலாம். தினம் ஒரு முறை கரண்ட் போனாலும் 60 நாளுக்கு 4 யூனிட்டைத் தாண்டாது. சும்மா பிளக்கில் இருப்பதற்கோ 14 யூனிட். ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் காத்திருக்கும் நேரம்தான்.

அணைக்கும் முறை

6. முதலில் யுபிஎஸ் பட்டன், பிறகு சுவர் சுவிட்ச். இந்த வரிசை முக்கியம். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, யுபிஎஸ்ஸின் முன்பக்க பட்டனை அணைத்து, கடைசியாகச் சுவர் சுவிட்சை அணையுங்கள். சுவர் சுவிட்சை முதலில் அணைத்தால் கரண்ட் போய்விட்டது என்று யுபிஎஸ் எடுத்துக்கொண்டு பேட்டரியில் ஓடத் தொடங்கும். பீப் சத்தத்தைக் கவனிக்காமல் போய்விட்டால் பேட்டரி முழுக்க வடிந்துவிடும். அடிக்கடி இப்படி நேர்ந்தால் பேட்டரியின் ஆயுள் வெகுவாகக் குறையும்.

7. பட்டனை மட்டும் அணைத்தால் போதாது. முன்பக்க பட்டன் கம்ப்யூட்டருக்குப் போகும் மின்சாரத்தைத்தான் நிறுத்துகிறது. பல மாடல்களில் உள்ளே இருக்கும் சார்ஜரும் டிரான்ஸ்ஃபார்மரும் சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை மின்சாரம் எடுக்கும். சுவர் சுவிட்சை அணைத்தால்தான் இதுவும் நிற்கும். ஷட் டவுன் செய்த பிறகும் சி.பி.யு. எடுக்கும் ஓரிரு வாட்டும் இதோடு மிச்சம். கம்ப்யூட்டரில் தேதி, நேரம் மாறிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். அதற்காகவே மதர்போர்டில் சிஆர் 2032 என்ற நாணய வடிவ பேட்டரி இருக்கிறது. அது சில ஆண்டுகள் தாங்கும்.

8. கரண்ட் போன நாளில் மட்டும் விதிவிலக்கு. காலியான பேட்டரி முழுதாக ஏற 6 முதல் 8 மணி நேரம் ஆகும். அரைகுறையாகக் காலியான நிலையில் யுபிஎஸ்ஸின் லெட் ஆசிட் பேட்டரியை விட்டுவைத்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து அதன் கொள்ளளவு குறையும். அதனால் அன்று யுபிஎஸ் பேட்டரியில் ஓடியிருந்தால், இரவு சுவர் சுவிட்சைப் போட்டே வையுங்கள். மறுநாள் வழக்கம்போல் அணைக்கலாம்.

9. ஊருக்குப் போகும்போது. கோடை விடுமுறை, பொங்கல், தீபாவளி என்று சில வாரம் வீட்டைப் பூட்டுவதானால் முந்தைய நாள் பேட்டரியை முழுதாக ஏற்றி, பட்டனையும் சுவர் சுவிட்சையும் அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். இடி மின்னலிலிருந்தும் இதுவே பாதுகாப்பு. பேட்டரி தானாகவே மாதத்துக்குச் சில சதவீதம் இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். அதனால் பயன்படுத்தாத யுபிஎஸ்ஸை இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது ஒரு நாள் முழுக்க சார்ஜ் செய்யுங்கள்.

10. யுபிஎஸ் இருக்கிறது என்று கம்ப்யூட்டரை ஓடவிடாதீர்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வேலை எதுவும் செய்யாமல் ஓடும்போதே 50 முதல் 80 வாட் எடுக்கும். 70 வாட் என்றால் இரவு பத்து மணி நேரத்துக்கு 0.7 யூனிட், இரண்டு மாதத்தில் 42 யூனிட். யுபிஎஸ் எடுப்பதைவிட இது பல மடங்கு. சாப்பிட எழுந்தால் ஸ்லீப், படுக்கப் போனால் ஷட் டவுன் என்று பழகுங்கள்.

எதை இணைக்கலாம், எதை வேண்டாம்?

11. சி.பி.யு., மானிட்டர் இரண்டு மட்டும். ஸ்பீக்கர், போன் சார்ஜர், மேசை விளக்கு எல்லாம் யுபிஎஸ் பின்னால் தொங்க வேண்டாம். கரண்ட் போனதும் அவையும் பேட்டரியைப் பங்கு போட்டுக்கொள்ளும். நம் வேலையைச் சேமிக்கும் நேரம் குறையும். இவற்றைச் சாதாரண பிளக் பாயின்ட்டில் போட்டு, வேலை முடிந்ததும் அணையுங்கள்.

12. லேசர் பிரின்டர் கூடவே கூடாது. மையைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் உருளை சூடாகும்போது பிரின்டர் பல நூறு வாட் இழுக்கும். வீட்டு யுபிஎஸ் அதைத் தாங்காது. ஓவர்லோடு ஆகிக் கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைத்துவிடும், சில சமயம் யுபிஎஸ்ஸே பழுதாகும். பிரின்டரை நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

13. பழைய டப்பா மானிட்டரை மாற்றுங்கள். 17 அங்குல சி.ஆர்.டி. மானிட்டர் 70, 80 வாட் எடுக்கும். இன்றைய எல்.இ.டி. மானிட்டருக்கு 20 வாட் போதும். மாற்றினால் பில்லும் குறையும், அதே யுபிஎஸ்ஸில் கூடுதல் நிமிடங்களும் கிடைக்கும்.

14. லேப்டாப்புக்கு யுபிஎஸ் வேண்டாம். அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. லேப்டாப் மட்டும் உள்ள வீட்டில் யுபிஎஸ் ஓடுவது முழுக்க முழுக்க வீண். மின்னழுத்தம் திடீரென எகிறும் பகுதி என்றால் சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும்.

15. வைஃபை ரவுட்டருக்குத் தனிச் சிறு யுபிஎஸ். இணையம் அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே பலர் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸை நாள் முழுக்க ஓடவிடுகிறார்கள். ரவுட்டர் பத்து வாட் அளவில்தான் எடுக்கும். அதற்காகப் பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட் ஆக்கி, அடாப்டர் மறுபடி அதை 12 வோல்ட்டுக்கு இறக்குவதில் இரண்டு முறை இழப்பு. ரவுட்டருக்கென்றே கையடக்கமான லித்தியம் பேட்டரி யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. அது நேரடியாக 12 வோல்ட் கொடுக்கும். கரண்ட் போனாலும் சில மணி நேரம் ரவுட்டர் ஓடும். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். சில ரவுட்டர்கள் 9 வோல்ட்டில் ஓடுபவை. வோல்ட் மாறினால் ரவுட்டர் கெட்டுவிடும்.

வாங்கும்போது

16. விஏ வேறு, வாட் வேறு. 600 விஏ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தாலும், அது தாங்கும் சுமை பெரும்பாலும் 360 வாட்தான். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து எடுக்கும் வாட்டைக் கணக்கிட்டு, அதற்கு மேல் கால் பங்கு இடம் விட்டு வாங்குங்கள். அலுவலக வேலைக்கான சாதாரண கம்ப்யூட்டருக்கு 600 விஏ தாராளம். தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் சும்மா இருக்கும்போது எடுக்கும் மின்சாரமும் பேட்டரி மாற்றும் செலவும் பொதுவாகக் கூடும். கேம் விளையாடவும் வீடியோ எடிட் செய்யவும் கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள்தான் 1000 விஏ அல்லது அதற்கு மேல் போக வேண்டும்.

17. ஆன்லைன் யுபிஎஸ் வீட்டுக்கு வேண்டாம். ஆன்லைன் யுபிஎஸ் வரும் மின்சாரத்தை எந்நேரமும் டி.சி. ஆக்கி, மறுபடி ஏ.சி. ஆக்கித் தருகிறது. மருத்துவக் கருவிக்கும் சர்வர் அறைக்கும் அது அவசியம். வீட்டில் அந்த இரட்டை மாற்றம் இடைவிடாத இழப்பு. சும்மா இருக்கும்போதே பல பத்து வாட் எடுக்கும். 50 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். அலுவலகத்தில் கழித்த ஆன்லைன் யுபிஎஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோர் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு லைன் இன்டராக்டிவ் வகை போதும்.

18. தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ்ஸுக்குள்ளேயே மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏ.வி.ஆர். இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு ஸ்டெபிலைசர் வைத்தால் அதன் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சேர்த்து மின்சாரம் கட்டுகிறோம். பெட்டியில் ஏ.வி.ஆர். என்று இருக்கிறதா, பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி பராமரிப்பு

19. வெப்பம்தான் பேட்டரிக்கு முதல் எதிரி. இந்த பேட்டரிகளின் ஆயுள் 25 டிகிரி செல்சியஸை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. சித்திரை வைகாசி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை 35 டிகிரிக்குக் குறையாது. யுபிஎஸ்ஸை ஜன்னல் வெயிலிலும் சி.பி.யு. காற்று வெளிவரும் பக்கமும் வைக்காதீர்கள். மேல் துணி போர்த்தாதீர்கள். சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு, தரையிலிருந்து சற்று உயரத்தில் வைத்துத் தூசியைத் துடையுங்கள். அறைச் சூட்டோடு யுபிஎஸ்ஸின் சொந்தச் சூடும் சேர்வதைத் தடுக்க, வேலை இல்லாதபோது அணைப்பதும் ஒரு வழி.

20. மாதம் ஒரு முறை சோதனை, காலம் முடிந்தால் மாற்றம். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போதே சுவர் சுவிட்சை அணையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு உடனே போட்டுவிடுங்கள்; முழுக்க வடியவிட வேண்டாம். நல்ல பேட்டரி 120 வாட் சுமையைப் பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும். இரண்டு நிமிடம்கூட நிற்காவிட்டால் பேட்டரி முடிந்துவிட்டது. நம் வெப்பத்தில் இரண்டு முதல் நான்கு ஆண்டுதான் எதிர்பார்க்கலாம். செத்த பேட்டரியோடு ஓடும் யுபிஎஸ் மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, காக்க வேண்டிய நேரத்தில் கைவிடும். உப்பிய பேட்டரியை அழுத்தவோ திறக்கவோ கூடாது. மாற்றும்போது அதே வோல்ட், அதே ஆம்பியர் ஹவர் உள்ள லெட் ஆசிட் பேட்டரியே போட வேண்டும். பழைய யுபிஎஸ்ஸுக்குள் லித்தியம் பேட்டரியைப் பொருத்த முயலாதீர்கள், சார்ஜ் செய்யும் முறையே வேறு. பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுங்கள். அதில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கடைக்காரரும் அதற்கு ஒரு விலை கழித்துத் தருவார்.

வீட்டுக்கு இன்வெர்ட்டர் இருந்தால்

21. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வேண்டாம். இன்வெர்ட்டர் லைனில் யுபிஎஸ்ஸைப் போட்டால், கரண்ட் போனபோது இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து யுபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஆகும். ஒரு பேட்டரியைக் காலி செய்து இன்னொன்றை நிரப்புவதில் கணிசமான மின்சாரம் வழியிலேயே வீணாகிறது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரானால் அதன் மின்சாரத்தைச் சரியில்லாதது என்று யுபிஎஸ் ஒதுக்கிவிட்டுத் தன் பேட்டரிக்கு மாறி, கொஞ்ச நேரத்தில் அணைந்தும் போகலாம். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யுபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் உண்டு. கரண்ட் போனதும் கம்ப்யூட்டருக்கே தெரியாத வேகத்தில் மாறுவதற்கானது அது. சைன் வேவ் இன்வெர்ட்டரும் அந்த மோடும் இருந்தால் கம்ப்யூட்டரை அதிலேயே நேராக இணைத்து, தனி யுபிஎஸ்ஸை நிறுத்திவிடலாம். ஒரு எச்சரிக்கை: யுபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் ஏற்கும் மின்னழுத்த எல்லை குறுகியது. லோ வோல்டேஜ் அடிக்கடி வரும் பகுதியில் அது நாளெல்லாம் பேட்டரிக்கு மாறி மாறிப் போகும். அங்கே சாதாரண மோடும், சுவர் பிளக்கில் தனி யுபிஎஸ்ஸும்தான் நல்லது. இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் அளவை மாதம் ஒரு முறை பாருங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தால், பேட்டரி தேவைக்கு மேல் சார்ஜ் ஆகி மின்சாரம் வீணாகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

22. மிச்சம் பிடிக்கிறோம் என்று யுபிஎஸ்ஸையே எடுத்துவிடாதீர்கள். யுபிஎஸ்ஸை அணைக்கச் சொல்வதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே. டெஸ்க்டாப் ஓடும்போது யுபிஎஸ்ஸோ, மேலே சொன்ன யுபிஎஸ் மோடு இன்வெர்ட்டரோ கட்டாயம் வேண்டும். ஹார்ட் டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் சிதையலாம், விண்டோஸே திறக்காமல் போகலாம். பிள்ளையின் புராஜெக்ட், கடைக் கணக்கு, குடும்பப் புகைப்படங்கள் இவற்றின் மதிப்பை எந்த யூனிட் விலையாலும் அளக்க முடியாது. கரண்ட் போனால் பேட்டரியில் வேலையைத் தொடராமல், கோப்பைச் சேமித்து ஐந்து நிமிடத்துக்குள் ஷட் டவுன் செய்யுங்கள். ஈ.பி.யின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் அறிவிப்பை நாளிதழில் பார்த்து, அன்று கம்ப்யூட்டர் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கம்ப்யூட்டர், யுபிஎஸ் பட்டன், சுவர் சுவிட்ச் என்ற வரிசையை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி, வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த ஈ.பி. ரீடிங்குக்குப் பிறகு பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.